ஒன்பதாவது கை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மகனுக்குப் பெண் கொடுத்தவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, தங்கள் மருமகள், தங்கள் மகன் ஆகிய நால்வரும் உடம்பளவில் சௌக்கியம். மனதளவில் மூன்று பேர் சௌக்கியம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மாளும், அவர்களுடைய இடது முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படிக்கவும். சம்பந்தியம்மாள் பக்கத்தில் இருந்து "யாருங்க?" என்று கேட்டால், பழைய ஆபீஸிலிருந்து வந்த சுற்றறிக்கை என்று சொல்லிவிடவும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தங்கள் மகன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குடி கிடையாது, சிகரெட் கிடையாது, குரல் உயர்த்திப் பேசிக் கேட்டதில்லை. இப்படி ஒரு மனிதர் எதைத்தான் மறைக்கிறார் என்று நாலு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது. அவர் ஜெல்லிமீன்களை மாற்றி வைக்கிறார். நீங்கள் முப்பத்து நாலு வருடம் சர்வேயராக நிலம் அளந்தவர். எல்லைக்கல் ஒன்று காலையில் ஓரிடத்திலும் சாயங்காலம் வேறிடத்திலும் இருந்தால், கல் நடந்து போனது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா? மாட்டீர்கள். அதனால்தான் வேறு யாரிடமும் சொல்லாமல் உங்களிடம் முறையிடுகிறேன்.

விவரம் தெரியாமல் நியாயம் சொல்ல முடியாது என்பதால் ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். நான் கடல் ஆய்வு நிலையத்தில் முப்பத்தோரு வருடம் மாதிரிக் காப்பாளனாக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை, அதில் நாலாயிரத்து இருநூறு பாட்டில், ஒவ்வொன்றிலும் ஃபார்மலினில் ஒரு மீனோ நண்டோ புழுவோ, அவற்றுக்கு நடுவில் நான். அந்த அறையில் ஒரே ஒரு சட்டம்தான். பாட்டிலுக்குள் இருப்பது மாறாது. மாறியிருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். இந்தச் சட்டத்தை வைத்து நான் இரண்டு பேரைப் பிடித்திருக்கிறேன். ஒருவர் நண்டின் காலை உடைத்துவிட்டு வேறு நண்டை உள்ளே போட்டவர். இன்னொருவர் நட்சத்திர மீனை மேசைமேல் அழகுக்கு வைக்க எடுத்துப் போன உதவி இயக்குநர். இரண்டு பேரும் "அது எப்பவுமே அப்படித்தான் இருந்தது" என்றுதான் சொன்னார்கள். எல்லாக் குற்றவாளியும் முதலில் சொல்வது அதுதான்.

இருபத்தேழு வருடத்துக்கு முன் ஆய்வுப் படகின் வலையில், ஒரே வீச்சில், பதினொரு குட்டி ஜெல்லிமீன்கள் வந்தன. சட்டைப் பொத்தான் அளவுகூட இருக்காது. தண்ணீருக்குள் தண்ணீர் மாதிரி ஓர் உடம்பு, அதன் குடை விளிம்பில் நூல் நூலாகக் கைகள். எங்கள் கடலில் அதுவரை தெரிந்திருந்த சின்ன ஜெல்லி இனத்துக்குப் பதினாறு கை. இவற்றுக்கு எட்டு. பதினொன்றுக்கும் எட்டு! ஒன்றிரண்டுக்குக் கை உதிர்ந்திருக்கும் என்று சொல்லலாம், பதினொன்றும் சொல்லி வைத்தாற்போல் எட்டெட்டை உதிர்த்துக்கொண்டு வருமா? மூன்று நாள் எண்ணினேன். புது இனம் என்று கட்டுரை எழுதினேன், அச்சிலும் வந்தது. அதை எழுதிய மாதம்தான் தங்கள் மருமகள் பிறந்தாள். அவள் பெயரையே எடுத்து லத்தீன் வால் ஒட்டி அதற்கு வைத்தேன். மற்ற அப்பன்கள் மகள் பெயரைக் கடைக்கு வைப்பார்கள், லாரிக்கு வைப்பார்கள். நான் ஓர் உயிருக்கு வைத்தேன். சம்பந்தி, உங்களிடம் வெட்கப்படாமல் சொல்கிறேன், என் ஆயுளில் நான் செய்தது என்று சொல்லிக்கொள்ள இருப்பது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் பாட்டில் துடைத்தது.

சம்பந்தம் பேசத் தாங்கள் குடும்பத்தோடு வந்தபோது, தங்கள் மகனைத் தனியாகக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போய் முதலில் காட்டியது அந்தப் பாட்டிலைத்தான். பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பெண்ணைக்கூட அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. "ரொம்பச் சின்னதா இருக்கே மாமா" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அன்றே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நாலு மாதம் முன்பு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எங்கள் நிலையத்திலேயே ஆராய்ச்சியாளராக இருக்கும் தங்கள் மகன் தண்ணீர் டம்ளரைப் பார்த்தபடியே சொல்கிறார்: "மாமா, ஒரு கட்டுரை எழுதியிருக்கேன். நீங்க பார்த்தா நல்லா இருக்கும்." பார்த்தேன். நல்லா இல்லை. என் எட்டுக் கை இனம் என்று ஒன்று தனியாகக் கிடையாதாம். அது பதினாறு கைக்காரனின் குழந்தைப் பருவமாம். இரண்டும் ஒன்று என்று ஆகிவிட்டால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும், பின்னால் வைத்த பெயர் தள்ளுபடி. எங்கள் துறையில் அதுதான் விதி. அதாவது, தாலி கட்டிய மனைவியின் பெயரைக் கடலிலிருந்தே அடித்துவிடப் பார்க்கிறார்! ஆதாரம் என்னவென்றால், இரண்டிலிருந்தும் கிள்ளி எடுத்த துணுக்கை மரபணுச் சோதனைக்கு அனுப்பினாராம், இரண்டும் ஒன்றே என்று வந்ததாம். ஒரே சாமணத்தால் இரண்டையும் தொட்டிருப்பார், அதுதான் ஒன்றாக வந்திருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே, "இன்னும் கொஞ்சம் ரசம் போட்டுக்குங்க மாப்பிள்ளை" என்றேன். மாப்பிள்ளையை எதிர்த்துக் கேட்பது நம் வழக்கமில்லையே.

நல்ல வேளையாகப் பத்திரிகைக்காரர்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எட்டு இருக்கிறது, பதினாறு இருக்கிறது, நடுவில் என்ன நடந்தது என்று யாராவது நாள்வாரியாகப் பார்த்தீர்களா என்று கேட்டு எழுதியிருந்தார்கள். சரியான கேள்வி. உடனே தங்கள் மகன் வலையில் வந்த எட்டுக் கைக் குட்டிகள் பத்தைப் பிடித்து, மேல்மாடி உயிர்த்தொட்டி அறையில் ஐந்து கண்ணாடிக் கிண்ணங்களில், கிண்ணத்துக்கு இரண்டாக விட்டு, இறால் குஞ்சு போட்டு வளர்க்க ஆரம்பித்தார். நான் ஓய்வு பெற்றவன்தான், ஆனாலும் தினமும் போகிறவன். "மாப்பிள்ளை, சும்மா எண்ணிப் பார்த்துக்கறேனே" என்றேன். "தாராளமா மாமா" என்றார். அந்தத் தாராளத்தைக் கவனிக்கவும். குற்றம் செய்கிறவன் தாராளமாக இருப்பானா என்று நீங்கள் கேட்பீர்கள். பெரிய குற்றம் செய்கிறவன் இருப்பான்.

திங்கட்கிழமை எண்ணினேன், பத்துக்கும் எட்டு. செவ்வாய் எட்டு. புதன் எட்டு. ஒரு நோட்டில் தேதி, மணி, கிண்ணம் எண், படம் எல்லாம் போட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை மூன்றாம் கிண்ணத்தில் ஒன்றுக்கு ஒன்பது! எட்டு என்றால் என்னுடையது, பதினாறு என்றால் அவருடையது, ஒன்பது யாருடையது? மூன்று தடவை எண்ணினேன். மாடியைக் கூட்டும் அக்காவைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். அவர் "பத்து இருக்கும் போலிருக்கே சார்" என்றார். மறு வாரம் பத்து, பதினொன்று எல்லாம் வந்துவிட்டன. ஆளும் முன்னைவிடப் பெரிது. நான் இல்லாத நேரத்தில் யாரோ சின்னதை எடுத்துவிட்டு, அதைவிடச் சற்றுப் பெரியதாக, சற்றுக் கை கூடியதாகத் தேடிப் பிடித்து வைக்கிறார்கள் என்பது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. என்ன பொறுமை, என்ன திட்டம்! ஒரே நாளில் பதினாறு கை வைத்தால் மாட்டிக்கொள்வோம் என்று ஒவ்வொரு கையாக ஏற்றுகிறார்.

நான் சும்மா இருப்பேனா? முதலில் அறை வாசலில் டால்கம் பவுடரைத் தூவி வைத்தேன், காலடித் தடம் விழட்டும் என்று. காலையில் தடம் விழுந்திருந்தது. இயக்குநருடைய தடம், முழு நீளத்துக்கு, முதுகு உட்பட. "தரையில என்னய்யா இது, யார் வேலை?" என்று எழுந்து உட்கார்ந்தபடி கத்தினார். பவுடர் மணத்தை வைத்தே தங்கள் மகன் கண்டுபிடித்திருக்க வேண்டும். ஆனால் அவர், "என் தப்புதான் சார், கிண்ணத்துக்கு ஈரம் வரக்கூடாதுன்னு போட்டேன்" என்று பழியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். ஏன் ஏற்றிக்கொள்ள வேண்டும்? எவ்வளவு பெரியதை மறைப்பதற்கு இந்தச் சின்னப் பழி? அடுத்து ஐந்து கிண்ணங்களுக்கும் மூடி போட்டு, என் பழைய காப்பாளர் முத்திரையை வைத்து அரக்கால் சீல் வைத்தேன். மறுநாள் முத்திரை அப்படியே இருந்தது. உள்ளே இரண்டு, காற்றில்லாமல் செத்துக் கிடந்தன. மனசு கேட்கவில்லை. எடுத்து முறைப்படி ஃபார்மலினில் போட்டேன். அந்த இரண்டும் இன்றுவரை பதினொன்று, பத்து என்று போட்ட கணக்கிலேயே நேர்மையாக இருக்கின்றன. என் கை பட்டதும் எப்படி ஒழுங்குக்கு வந்தன பாருங்கள்.

கடைசியில் தொட்டிக்குப் பின்னால் தொங்கும் கறுப்புத் திரைக்குள் போய் நின்றுவிட்டேன். காலை பத்தரை மணி. தங்கள் மகன் வந்தார். கிண்ணத்துக்குக் கிண்ணம் குனிந்து, "சாப்பிட்டியா? நீ சாப்பிட்டியா? நீ ஏன் மூலையிலேயே நிக்கிற?" என்று விசாரித்துக்கொண்டு இறால் குஞ்சைச் சொட்டுச் சொட்டாக விட்டார். மாற்றவில்லை. ஆள் இருப்பது தெரிந்துதான் மாற்றவில்லை என்பது அடுத்த நிமிடமே உறுதியாயிற்று. "மாமா, அங்க கொசு ஜாஸ்தி. வெளிய வாங்க, டீ சாப்பிடலாம்" என்றார். வெளியே வந்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை கம்மியாக என்று என் சார்பில் அவரே கடைக்காரரிடம் சொன்னார். இந்த அளவு மரியாதை ஒரு மனிதனுக்கு இயல்பாக வருமா, நீங்களே சொல்லுங்கள். நீங்கள் வளர்த்த விதம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இனி இந்தக் கட்டடத்தில் நியாயம் கிடைக்காது என்று தெரிந்ததும், கடலில் புதிதாகப் பிடித்த எட்டுக் கைக் குட்டிகளில் மூன்றை, படகுக்காரரிடம் நேரில் வாங்கி, ஃபிளாஸ்க்கில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்தேன். எங்கள் வீட்டில் பூட்டு உள்ள அறை குளியலறை ஒன்றுதான். அங்கே பெரிய கண்ணாடி ஜாடியில் விட்டு, இறால் குஞ்சும் போட்டு, காற்றுக் குழாயை மெல்லத் திறந்து வைத்து, வெளியே பூட்டி, சாவியை மூக்குக்கண்ணாடிக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். என் மனைவி குளிப்பதற்கு மாடி வீட்டு வாத்தியார் வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. "ஏங்க, முப்பது வருஷமா செத்ததுங்களோட அங்க குடும்பம் நடத்தினீங்க, சரின்னு இருந்தேன். இப்ப உயிரோட இருக்கறதுங்களுக்காக நான் துண்டைத் தூக்கிக்கிட்டுத் தெருவில நிக்கறேன். வாத்தியார் வீட்டம்மா என்ன நினைப்பாங்க?" என்று ஒரு வாரமாகத் தினமும் ஒரே பாட்டு. நான் காது கொடுக்கவில்லை. உண்மைக்காகச் சிலர் சிறைக்கே போயிருக்கிறார்கள், இவள் மாடிக்குப் போகக் கூடாதா?

சம்பந்தி, கேட்டுக்கொள்ளுங்கள். எட்டாம் நாள் காலை பூட்டைத் திறந்து எண்ணுகிறேன். ஒன்பது. மூன்றில் ஒன்றுக்கு ஒன்பது. சாவி என் கழுத்தில். ஜன்னலில் கம்பி. தங்கள் மகன் வீடு ரெண்டு தெரு தள்ளி. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டிப் பார்த்தவள், "சின்னதா இருந்தது பெருசாயிருக்கு, வளர்ந்திருக்கும். நகருங்க, பக்கெட்டை எடுத்துக்கறேன்" என்றாள். எவ்வளவு சாமர்த்தியமான பதில் பாருங்கள். மாப்பிள்ளை வந்தால் மட்டும் இரண்டாம் முறை காபி போடுகிறவள் இவள். என் சட்டையைத் துவைக்கும்போது கண்ணாடிக் கயிறு எங்கே இருக்கும் என்று தெரிந்தவளும் இவள் ஒருத்திதான். சதி என் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது.

ஆகவே தங்களிடம் மூன்று வேண்டுகோள். தங்கள் மகன் சின்ன வயதில் எதையாவது மாற்றி வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல இருந்தது உண்டா என்று மனச்சாட்சிப்படி எழுதவும். வருகிற வெள்ளிக்கிழமை கட்டுரையை மறுபடி அனுப்பப் போகிறாராம். அப்பா என்கிற முறையில் அதட்டி நிறுத்தவும். என் மனைவி சம்பந்தியம்மாளிடம் போனில் எதுவும் சொல்லியிருக்கிறாளா என்று, சந்தேகம் வராமல், வேறு பேச்சு பேசுகிற மாதிரி விசாரிக்கவும். என்னிடம் நோட்டு இருக்கிறது. முப்பத்தெட்டு நாள், நாளுக்கு இரண்டு வேளை, ஒரு கை விடாமல் எழுதியிருக்கிறேன். அவர்கள் எட்டிலிருந்து பதினாறுவரை எப்படி எப்படி ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கமும், முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடமும். தங்கள் மகனுக்கு எப்போதும்போல என் ஆசிகள். விசாரணை முடியும்வரை அவை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. பெரியவர்களாகப் பார்த்து நல்லது செய்வீர்கள் என்ற நம்பிக்கையோடு முடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
மாதிரிக் காப்பாளர் (ஓய்வு)

பி.கு.: மேலே உள்ளதைச் சனிக்கிழமை எழுதி உறையில் போட்டேன். ஞாயிறு தபால் கிடையாது. சும்மா இருப்பானேன், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று காலை ஆறு மணிக்கே குளியலறைக்குள் நாற்காலியைப் போட்டு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியோடு ஜாடிக்கு எதிரே உட்கார்ந்தேன். என் மனைவி ஏழு மணிக்கே அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். யாரும் வரவில்லை. ஒன்பது கைக்காரனை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு கைக்கு நடுவில் விளிம்பில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு புடைப்பு. அழுக்கு என்று நினைத்தேன். பதினொரு மணிக்கு அது கூம்பிக்கொண்டு வந்தது. இரண்டு மணிக்கு நூல் மாதிரி நீண்டது. நாலு மணிக்குப் பக்கத்தில் போன ஒரு இறால் குஞ்சைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. பத்தாவது கை. சம்பந்தி, யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. அதுவாகவே முளைத்தது. முப்பத்தோரு வருடம் இவற்றோடு இருந்திருக்கிறேன், உயிரோடு ஒன்றைக்கூட ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என் அறையில் எதுவும் வளர்ந்தது கிடையாதே. அந்தப் பதினொன்றும் ஒரே நாளில் பிறந்த குழந்தைகள், அவ்வளவுதான். தாழ்ப்பாளைத் திறக்கத் தோன்றாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு தங்கள் மருமகளுக்குப் போன் பண்ணினேன். வந்தாள். "உன் பேரு போயிடும்மா" என்றேன். அவள் நாற்காலி பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். "பேரு என்கிட்டதானேப்பா இருக்கு. அதுக்குத்தான் இனிமே வேற பேரு" என்றாள். ஜாடியைப் பார்த்தபடியே சொன்னாள்: "அவர் இதை எழுதி மூணு வருஷமாச்சு. நான்தான் நீங்க ரிட்டயர் ஆகட்டும்னு பிடிச்சு வச்சேன். அவரும் ஒரு வார்த்தை பேசாம எடுத்து உள்ள வச்சிட்டார். பார்த்தா, நீங்க ரிட்டயர் ஆனப்புறமும் தினமும் போறீங்க. எவ்வளவு நாள்தான் வச்சிருப்பார், பாவம்?" ஆக, என் முதுகுக்குப் பின்னால் சதி நடந்தது உண்மை. மூன்று வருடம் நடந்திருக்கிறது. உங்களுக்கும் தெரிந்திருந்தால் தயவுசெய்து பதில் போட வேண்டாம்.

நோட்டைத் தங்கள் மகனிடம் கொடுத்துவிட்டேன். பத்திரிகைக்காரர்கள் கேட்ட நடுவில் உள்ளது முழுக்க அதில்தான் இருக்கிறதாம். அவர் எழுதி வைத்திருந்தவையும் என்னுடையவையும் ஒத்துப் போகின்றன. நான் சீல் வைத்த நாள் மட்டும் அவரிடம் காலியாக இருக்கிறது. கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது என்று பிடிவாதமாக நிற்கிறார். ஆசிகளை முழுமையாகத் திரும்ப வழங்கிவிட்டேன், மனைவிக்குக் குளியலறையையும்.

இத்தனையும் தப்பு என்றால் மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தொழிலில் கிழிப்பதில்லை. தப்பான லேபிளும் பாட்டிலுக்குள்ளேயே இருக்க வேண்டும். சரியானதை எழுதி அதற்கு முன்னால் செருகுவதுதான் முறை. இன்று காலை கீழ்த்தளத்தில் அந்தப் பதினொன்றின் பாட்டிலைத் திறந்தேன். தங்கள் மகன் பிடித்துக்கொண்டார். பதினாறு கைக்காரனின் பெயரை நானே பென்சிலால் எழுதிப் போட்டேன். அவள் பெயர் பின்னால் இருக்கிறது. பாட்டிலைத் திருப்பினால் தெரியும்.